பதநீரின் கொழகொழப்பும் அமிலத்தின் வேலையும்

ஒரு கூட்டுறவு ஆய்வாளர் எழுதியது

தூத்துக்குடி மாவட்டத்தில் பனையை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் பல. உடன்குடி, சாத்தான்குளம், திருச்செந்தூர்ப் பக்கத்துச் செம்மணல் தேரிகளிலும், வடக்கே வேம்பார்ப் பகுதியிலும் பருவம் தொடங்கிவிட்டால் பாளை சீவுவதும், பதநீர் இறக்குவதும், கருப்பட்டி காய்ச்சுவதுமே மக்களின் அன்றாட வாழ்க்கை. பனை 1978-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் மாநில மரமாக அறிவிக்கப்பட்டது. உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. இப்பெருமைகள் நிலைக்க வேண்டுமானால் நாம் விற்கும் சரக்கு பெயருக்கு ஏற்ற தரத்துடன் இருத்தல் வேண்டும்.

அத்தரத்தைக் கெடுக்கும் ஒரு குறையைப் பற்றியே இப்பாடம். சில நாட்களில் கலயத்துப் பதநீர் விரலில் தொட்டால் நூல் நூலாக இழுபடுகிறது; வழுவழுப்பாக இருக்கிறது. அதைக் காய்ச்சினால் பாகு உரிய பதத்திற்கு வருவதில்லை. வந்தாலும் சிரட்டையில் வார்த்த கருப்பட்டி இறுகுவதில்லை. இறுகினாலும் ஐப்பசி, கார்த்திகை மழையில் கசிந்து இளகிவிடுகிறது. விலை ஏறும் வரையில் சரக்கை இருப்பு வைத்து விற்கலாம் என்று எண்ணியிருந்த உறுப்பினர் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட நேர்கிறது. மரமேறியவரின் உழைப்பும், அடுப்பில் எரித்த விறகும், இருப்பின் பேரில் சங்கம் கொடுத்த கடனும் ஒருங்கே பாதிக்கப்படுகின்றன.

இக்குறைக்குக் காரணம் என்ன? கொழகொழத்த பதநீரை அடுப்பில் ஏற்றிய பின்பு திருத்த இயலுமா? இவ்விரு வினாக்களுக்கும் விஞ்ஞானம் தெளிவான விடை தருகிறது.

கொழகொழப்பை உண்டாக்குவது யார்?

பதநீரின் இனிப்புக்குக் காரணம் சுக்ரோஸ் என்னும் சர்க்கரை. கரும்பிலும் பீட்ரூட் கிழங்கிலும் உள்ளது இதுவே. ஒரு சுக்ரோஸ் மூலக்கூறு என்பது குளுகோஸ் ஒன்றும் பிரக்டோஸ் ஒன்றும் கைகோத்து நிற்கும் ஜோடியாகும். பாளையிலிருந்து சொட்டும் பதநீர், அமிலமும் காரமும் இல்லாத நடுநிலைக்கு அருகில் இருக்கும். நுண்ணுயிர்கள் பெருகுவதற்கு இதைவிட நல்ல இடம் வேறில்லை.

அவற்றுள் ஒன்று லூக்கோநாஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்னும் பாக்டீரியா. இது நமக்கு அந்நியமன்று. இட்லி மாவைப் பொங்க வைப்பதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் சர்க்கரை மிகுந்த நீரில் இதன் போக்கு வேறு. இது தன் உடலுக்கு வெளியே ஒரு நொதியைச் சுரக்கிறது. அந்நொதி சுக்ரோஸ் ஜோடியைப் பிரித்து, குளுகோஸை மட்டும் எடுத்து ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து நீண்ட சங்கிலியாக்குகிறது. பிரக்டோஸைத் தனியே விட்டுவிடுகிறது. இவ்வாறு உண்டாகும் கூட்டுச் சர்க்கரைக்கு டெக்ஸ்டிரான் என்று பெயர். நாம் காணும் கொழகொழப்பு இதுவே.

ஐரோப்பாவின் பீட்ரூட் சர்க்கரை ஆலைகளுக்கும் இதே தொல்லை இருந்தது. குழாய்களிலும் தொட்டிகளிலும் தவளை முட்டைத் திரளைப் போன்ற வழுவழுப்பான கட்டிகள் தோன்றி வேலையை நிறுத்தின. பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் 1861-ஆம் ஆண்டில் இவ்வகை நொதித்தலை ஆராய்ந்து, நுண்ணுயிர்களே இதற்குக் காரணம் என்று காட்டினார். 1874-இல் ஜெர்மானிய இரசாயனியான ஷைப்ளர் இப்பொருள் ஒருவகைச் சர்க்கரைச் சேர்மமே என்று கண்டு டெக்ஸ்டிரான் என்று பெயரிட்டார். 1878-இல் வான் டீகெம் அப்பாக்டீரியாவுக்கு லூக்கோநாஸ்டாக் என்னும் பெயரைச் சூட்டினார்.

இதனால் நமக்கு ஏற்படும் நஷ்டத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். சுக்ரோஸின் மூலக்கூறு எடை 342. அதிலிருந்து சங்கிலியில் சேரும் குளுகோஸ் பங்கு 162. ஆகவே 100 கிராம் சுக்ரோஸ் முழுவதும் இவ்வழியில் போனால் அதிகப்படியாக 47 கிராம் டெக்ஸ்டிரான் உண்டாகும், எஞ்சியது பிரக்டோஸ். இரண்டுமே கருப்பட்டியாக உறைய மாட்டாதவை.

கிளைத்த சங்கிலி

குளுகோஸ் மூலக்கூறில் ஆறு கரி அணுக்கள் உண்டு. அவற்றுக்கு ஒன்று முதல் ஆறு வரை எண் இட்டிருக்கிறார்கள். ஒரு குளுகோஸின் முதல் அணுவும் அடுத்த குளுகோஸின் ஆறாவது அணுவும் ஓர் ஆக்ஸிஜன் அணுவின் வழியாக இணைவதே டெக்ஸ்டிரானின் முதன்மைச் சங்கிலி. இடையிடையே சில குளுகோஸ்களின் மூன்றாவது அணுவில் வேறொரு சங்கிலி வந்து இணைகிறது. அதுவே கிளை.

பனை கிளைக்காத மரம். அதன் நீரில் தோன்றும் இச்சங்கிலியோ உடைமரத்தைப் போலக் கிளை விட்டது. கிளையின் அளவு பாக்டீரியாவின் இனத்திற்கு இனம் மாறும். தொழிற்சாலைகளில் பெரிதும் வளர்க்கப்படும் ஓர் இனத்தின் டெக்ஸ்டிரானில் நூற்றில் 95 இணைப்புகள் ஆறாவது அணுவிலும், 5 இணைப்புகள் மூன்றாவது அணுவிலும் அமைந்துள்ளன. சங்கிலியின் மூலக்கூறு எடை பல இலட்சங்களைக் கடந்து கோடிக்கணக்கிலும் செல்லும். ஒரு கோடி எடையுள்ள சங்கிலி ஒன்றில் ஏறத்தாழ 62,000 குளுகோஸ்கள் கோக்கப்பட்டிருக்கும். இவ்வளவு நீண்ட இழைகள் நீரில் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதாலேயே பதநீர் நூலாக இழுபடுகிறது.

அமிலம் எவ்வாறு வெட்டுகிறது?

அமிலம் எதுவாயினும் நீரில் கரையும்போது ஹைட்ரஜன் அயனிகளைத் தருகிறது. அந்த அயனி இரண்டு குளுகோஸ்களை இணைக்கும் ஆக்ஸிஜன் பாலத்தின் மேல் சென்று அமர்கிறது. உடனே பாலம் தளர்ந்து ஒரு பக்கம் முறிகிறது. முறிந்த இடத்தில் ஒரு நீர் மூலக்கூறு வந்து சேர்கிறது. ஹைட்ரஜன் அயனி முன்போலவே விடுதலை பெற்று வேறொரு பாலத்தைத் தேடிப் போகிறது. சந்தையில் ஒரு பேரத்தை முடித்துவிட்டு அடுத்த பேரத்திற்குப் போகும் தரகரைப் போல, அமிலம் வேலையை நடத்தி வைக்கிறதே தவிரத் தான் செலவாவதில்லை. சிறிதளவு புளிப்பும் பெருங்கேடு செய்வது இதனாலேயே.

ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு நீர் மூலக்கூறு செலவாகிறது. வெட்டு முற்றுப்பெற்றால் 162 பங்கு டெக்ஸ்டிரானும் 18 பங்கு நீரும் சேர்ந்து 180 பங்கு குளுகோஸ் ஆகும்.

வெட்டின் வேகத்தை நிர்ணயிப்பவை மூன்று.

முதலாவது, அமிலத்தின் வலிமை. பி.எச். என்னும் அளவு 7 ஆனால் நடுநிலை. அதற்குக் கீழே புளிப்பு. இவ்வளவு ஓர் எண் குறைந்தால் ஹைட்ரஜன் அயனிகள் பத்து மடங்காகின்றன. வெட்டும் வேகமும் ஏறத்தாழப் பத்து மடங்காகிறது.

இரண்டாவது, உஷ்ணம். கொதிநிலையை ஒட்டி ஒவ்வொரு 10 பாகை உயர்வுக்கும் வேகம் இரண்டு மூன்று மடங்காகும். கருப்பட்டிப் பாகு பதம் நெருங்கும்போது 100 பாகையையும் தாண்டிக் கொதிக்கிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

மூன்றாவது, இணைப்பின் தன்மை. எல்லா முடிச்சுகளும் ஒரே வலிமையுடையன அல்ல. ஆறாவது அணுவில் அமைந்த இணைப்பு அமிலத்தை மிகவும் தாங்கும். மூன்றாவது அணுவில் அமைந்த கிளை இணைப்பு அதைவிட எளிதில் அறும். சுக்ரோஸில் குளுகோஸையும் பிரக்டோஸையும் இணைக்கும் பாலமோ இவை எல்லாவற்றிலும் நொய்ந்தது. சாதாரணச் சர்க்கரை இணைப்புகளைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வேகமாக உடையக்கூடியது.

இந்த மூன்றாவது உண்மைதான் நம் பாடத்தின் மையம்.

அடுப்பில் திருத்த முடியுமா?

ஓர் உறுப்பினர் இவ்வாறு கேட்கலாம்: "அமிலம் டெக்ஸ்டிரானை வெட்டும் என்கிறீர்கள். அப்படியானால் கொழகொழத்த பதநீரில் சிறிது அமிலம் சேர்த்துக் காய்ச்சினால் குறை நீங்கிவிடாதா?" கேள்வி நியாயமானதே. கணக்கிட்டு விடை காண்போம்.

62,000 குளுகோஸ் கொண்ட சங்கிலியைச் சுமார் 430 குளுகோஸ் கொண்ட துண்டுகளாக்கினால் கொழகொழப்புப் போய்விடும் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு ஏறத்தாழ 144 வெட்டுகள் போதும். அதாவது ஆயிரம் இணைப்புகளில் இரண்டு அல்லது மூன்றை அறுத்தால் போதும். நீண்ட பாவு நூலை ஆங்காங்கே சில இடங்களில் அறுத்தாலே அது பயனற்றுப் போவதைப் போன்றது இது. கேட்பதற்கு எளிதாகத் தோன்றுகிறது.

ஆனால் அதே கொப்பரையில் சுக்ரோஸும் இருக்கிறது. அதன் இணைப்பு ஆயிரம் மடங்கு வேகமாக அறுபடும். டெக்ஸ்டிரானில் ஆயிரத்துக்கு இரண்டு மூன்று இணைப்புகள் அறுபடும் நேரத்திற்குள் சுக்ரோஸில் பத்தில் ஒன்பது பங்கு உடைந்து குளுகோஸும் பிரக்டோஸுமாகப் பிரிந்துவிடும். கொழகொழப்பைப் போக்கப் போய்க் கருப்பட்டியையே போக்கிவிடுகிறோம்! உடைந்த சர்க்கரை எளிதில் உறையாது; காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் கருப்பட்டி கசிவதற்கு இதுவே காரணம்.

புளித்த பதநீர் இரு வகையில் கெட்டது என்பதும் இதிலிருந்து விளங்கும். பாக்டீரியா டெக்ஸ்டிரானை மட்டும் உண்டாக்குவதில்லை. லாக்டிக் அமிலம் முதலியவற்றையும் உண்டாக்குகிறது. காய்ச்சும்போது அவ்வமிலம் சுக்ரோஸை உடைக்கிறது. டெக்ஸ்டிரானையோ பெரும்பாலும் அப்படியே விட்டுவைக்கிறது. கொதி வந்தால் பாக்டீரியா இறக்கும். அதன் நொதியும் அழியும். ஆயினும் அவை முன்னரே கட்டி வைத்த டெக்ஸ்டிரான் அழியாது. பாகை இறுகவிடாமல் பிசுபிசுக்கச் செய்வதும், பனங்கற்கண்டுத் தொட்டியில் கட்டி விளைவதைத் தடுப்பதும் அதன் வேலை. சர்க்கரை ஆலைகளில் டெக்ஸ்டிரான் கலந்த பாகில் விளையும் பளிங்குகள் ஊசி போல நீண்டு உருக்குலைவது அத்தொழிலில் நன்கு அறியப்பட்ட செய்தி.

பெரிய சர்க்கரை ஆலைகள் இதற்கு டெக்ஸ்டிரனேஸ் என்னும் நொதியைக் கையாளுகின்றன. பூஞ்சைகளிலிருந்து எடுக்கப்படும் அது டெக்ஸ்டிரானை மட்டும் தேர்ந்து வெட்டும், சுக்ரோஸைத் தொடாது. நொதிக்கு ஆள் தெரியும், அமிலத்திற்குத் தெரியாது. நம் விடிலிகளில் சிறு கொப்பரைகளில் காய்ச்சும் தொழிலுக்கு அந்நொதி கட்டுப்படியாகும் வழியன்று. எனவே வருமுன் காப்பதே நமக்கு உரிய வழி.

அதே வேலை மருந்தான கதை

தீமை செய்யும் இதே டெக்ஸ்டிரானும் அமிலமும் அளவறிந்து கையாளப்பட்டபோது உயிர் காக்கும் மருந்தாயின. 1940-களில் ஸ்வீடன் நாட்டு உப்சாலா நகரில் கிரன்வால், இங்கெல்மன் என்னும் இரு விஞ்ஞானிகள், பீட்ரூட் சாற்றில் தோன்றும் இப்பொருளை ஆராய்ந்தனர். விபத்திலும் போரிலும் மிகுதியாக இரத்தம் இழந்தவர்களுக்கு இரத்த ஓட்டம் தளராமல் தற்காலிகமாகக் காக்க இதன் கரைசலைச் செலுத்தலாம் என்று கண்டனர். 1947-இல் அம்மருந்து அந்நாட்டில் விற்பனைக்கு வந்தது.

இயற்கையில் உண்டாகும் டெக்ஸ்டிரானை அப்படியே செலுத்த இயலாது. மிகப் பெரிய மூலக்கூறுகள் இரத்தச் சிவப்பணுக்களை ஒன்றோடொன்று ஒட்டச் செய்யும். மிகச் சிறியவையோ சிறுநீரகத்தின் வழியே விரைவில் வெளியேறிவிடும். ஆகவே நடுத்தர அளவு வேண்டும். முதலில் டெக்ஸ்டிரானைச் சாராயத்தால் படியவைத்துச் சுக்ரோஸ் முதலியவற்றிலிருந்து பிரித்தார்கள். பின்னர் அதை நீரில் கரைத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்துடன் கொதிநிலையை ஒட்டிச் சூடாக்கினார்கள். கரைசலின் குழைவு குறைந்துவருவதை அளந்து பார்த்து, வேண்டிய நிலை வந்ததும் காரம் சேர்த்து வெட்டை நிறுத்தினார்கள். மீண்டும் சாராயத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, உரிய அளவுள்ள துண்டுகளை மட்டும் தெரிந்தெடுத்தார்கள். சராசரி எடை 70,000, 40,000 என்னும் இருவகை டெக்ஸ்டிரான்கள் மருத்துவத்தில் பெயர் பெற்றன. 70,000 என்பது சற்றேறக்குறைய 430 குளுகோஸ்.

அமெரிக்காவில் பியோரியா நகரிலுள்ள விவசாய ஆராய்ச்சிக்கூடத்தில் அல்லீன் ஜீன்ஸ் என்னும் பெண் விஞ்ஞானி, புட்டியில் கொழகொழத்துப் போன ஓர் இனிப்புப் பானத்திலிருந்து சிறந்த பாக்டீரியா இனம் ஒன்றைப் பிரித்தெடுத்து இத்தொழிலை வளர்த்தார். பிற்காலத்தில் சிலருக்கு ஒவ்வாமை ஏற்பட்டதாலும் வேறு திரவங்கள் வந்ததாலும் இம்மருந்தின் உபயோகம் குறைந்தது. எனினும் நாம் கொள்ள வேண்டிய படிப்பினை நிலையானது. அங்கே அமிலம் வெற்றி பெற்றதற்குக் காரணம், சுக்ரோஸை முன்பே பிரித்துவிட்டதும், உரிய நொடியில் வெட்டை நிறுத்தியதுமே. நம் கொப்பரையில் இவ்விரண்டும் இயலாதவை.

நெசவாளருக்கும் ஒரு சொல்

பாவுக்குப் போடும் கஞ்சியின் மாவுச்சத்தும் குளுகோஸ் சங்கிலியே. அதில் முதன்மை இணைப்பு நான்காவது அணுவிலும், கிளை ஆறாவது அணுவிலும் அமைந்துள்ளன. 1886-இல் லின்ட்னர் என்பவர் மாவை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு வாரம் ஊறவைத்து, குழையாத மெல்லிய கஞ்சி தரும் மாவைப் பெற்றார். நூலுக்குள் நன்கு இறங்கும் இவ்வகை மாவு ஆலைகளில் கஞ்சி போடப் பயன்படுகிறது. ஆனால் பருத்தி இழையும் குளுகோஸ் சங்கிலியால் ஆனதே. சாயத் தொட்டியில் அமிலம் பட்ட நூலை நன்றாக அலசாமல் உலர்த்தினால், நீர் வற்ற வற்ற அமிலம் வலுத்து இழையையே வெட்டும், துணி இற்றுப்போகும். கருப்பட்டியைக் கெடுக்கும் அதே வேலை தறியிலும் நடக்கிறது.

செய்ய வேண்டுவன

நம் முன்னோர் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிய பழக்கத்தின் பொருள் இப்போது விளங்கும். சுண்ணாம்பு ஒரு காரம். அது பதநீரின் பி.எச். அளவை 7-க்கு மேல் உயர்த்தி நுண்ணுயிர் பெருகாமல் தடுக்கிறது. தோன்றும் அமிலத்தையும் அப்போதைக்கப்போதே தணித்துவிடுகிறது. முத்துச் சிப்பியும் சங்கும் விளைந்த இக்கடற்கரைக்குச் சிப்பியைச் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்கும் வித்தை புதிதன்று. ஒரே பொருள் டெக்ஸ்டிரான் பிறப்பதையும் சுக்ரோஸ் உடைவதையும் தடுக்கிறது என்றால் அதைவிட மலிவான காவல் வேறு ஏது?

ஆகவே உறுப்பினர்கள் பின்வருவனவற்றைக் கடைப்பிடித்தல் நலம்.

1. ஒவ்வொரு முறை இறக்கிய பின்பும் கலயத்தை வெந்நீரால் கழுவி வெயிலில் நன்கு உலர்த்த வேண்டும். பழைய வழுவழுப்பு ஒரு விரற்கடை ஒட்டியிருந்தாலும் அடுத்த பதநீருக்கு அதுவே உறை மோராகும்.

2. புதிதாக நீற்றிய சுண்ணாம்பையே தடவ வேண்டும். நாட்பட்டுக் காற்றுப்பட்ட சுண்ணாம்பு வலிமை இழந்துவிடும்.

3. பதநீரை வெயில் ஏறுமுன் இறக்கித் தாமதமின்றி அடுப்பேற்ற வேண்டும்.

4. சிவப்பு லிட்மஸ் தாள் நீலமாக மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். மாறினால் சுண்ணாம்பு போதும். நீலத் தாள் சிவந்தால் அது புளித்த பதநீர்.

5. சுண்ணாம்பு மிகுந்தால் கருப்பட்டி கறுத்துச் சுவை குன்றும். சூப்பர் பாஸ்பேட் கொண்டு மிகைச் சுண்ணாம்பைப் படியவைத்து வடிகட்டும் முறை பனைவெல்லத் தொழிலில் உண்டு. உணவுக்கு உரிய தரமுடைய சரக்கையே உபயோகித்து, காரம் சிறிது எஞ்சியிருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். மீறினால் பதநீர் புளிப்புப் பக்கம் சாய்ந்துவிடும்.

6. நூலாக இழுபடும் பதநீரைத் தனியே ஒதுக்க வேண்டும். பொதுக் கொப்பரையில் ஊற்றலாகாது.

இந்த ஆறாவது விதி கூட்டுறவின் உயிர்நாடி. பலர் பதநீரை ஒன்றுசேர்த்துக் காய்ச்சும் இடத்தில் ஒருவரது கலயத்தின் கொழகொழப்பு எல்லோரது உழைப்பையும் கெடுத்துவிடும். லிட்டர் கணக்கை மட்டும் பார்த்துப் பணம் கொடுக்கும் சங்கத்தில், சுத்தமாக இறக்கியவரும் அசட்டையாக இறக்கியவரும் ஒரே விலை பெறுகிறார்கள். சுத்தத்திற்குத் தண்டனை விதித்தது போல ஆகிறது. ஆகவே கொள்முதல் இடத்திலேயே தொட்டும் தாளிட்டும் சோதித்து, தரத்திற்கேற்ப விலை கொடுக்க நிர்வாகக் குழு தீர்மானிப்பது நியாயம். தள்ளப்பட்ட பதநீருக்குரிய காரணத்தை அந்த உறுப்பினருக்கு அங்கேயே எடுத்துச் சொல்வதும் கடமை. சோதனைச் செலவு சில தாள்களின் விலைதான்.

படிப்பு வட்டத்தில் விவாதிக்க வேண்டிய வினாக்கள்

1. கொழகொழத்த பதநீரைக் கொதிக்க வைத்தும் குறை நீங்காதது ஏன்?

2. டெக்ஸ்டிரானை வெட்டும் அமிலம் சுக்ரோஸை முன்னதாகவே உடைப்பது ஏன்?

3. மருந்துச் சாலையில் பயன்பட்ட முறை நம் விடிலியில் பயன்படாததற்கு இரு காரணங்கள் கூறுக.

4. உங்கள் சங்கத்தில் பதநீரின் விலை எதை வைத்து நிர்ணயிக்கப்படுகிறது? அதை மாற்ற வேண்டுமா?